அரை விரக்கடை சங்கதி

ஏலே பேராண்டி, இப்பிடி வா. வேம்படி நிழல்ல உக்காரு. அந்த லேப்டாப்பை மூடிட்டு உக்காரு.

ஆலையில நிக்கிற டவருக்கு அச்சு அசலா இன்னொரு டவரைக் கம்ப்யூட்டருக்குள்ள நட்டு வச்சிருக்கியாமே? செவப்பு, பச்சை, மஞ்சள்னு கலர் கலரா ஓடுதாமே? உங்க ஆத்தா கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லியாச்சு. சந்தோசம். ஒண்ணே ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாத. நெசமான டவருக்குள்ள என்னைக்காவது மேன்ஹோல் வழியாத் தலைய நீட்டிப் பாத்திருக்கியா? இல்லையா? அதான பாத்தேன். சட்டை அழுக்காகாம இருக்கே.

கரிசக்காட்டுல மழை ஏமாத்துன வருசமெல்லாம் நான் ஆலையை நிப்பாட்டிப் பழுது பாக்குற ஷட்டவுன் வேலைக்குப் போனவன்லே. ரிஃபைனரி, சாராய ஆலை, உரக் கம்பெனின்னு டவர் வயித்துக்குள்ள மல்லாக்கப் படுத்து ஸ்பேனர் பிடிச்சவன். எனக்கு டிகிரி கெடையாது. ஆனா டவருக்குள்ள அடுக்குற தட்டை எவன் சரியா மாட்டிருக்கான், எவன் சம்பளத்துக்கு மாட்டிருக்கான்னு டார்ச் அடிச்ச ஒடனே சொல்லிருவேன்.

காய்ச்சி வடிக்கிறதுல என்ன பெரிய மந்திரம்? அந்தக் காலத்துல ஓடைக்கரை உடங்காட்டுக்குள்ள ராவோட ராவா நடந்த சோலிதான். அடிப்பானையில வேலம்பட்டையும் கருப்பட்டியும் போட்ட ஊறல். அதுக்கு மேல ஒரு பானை. உச்சியில குளுந்த தண்ணிச் சட்டி. நான் காய்ச்சுனேன்னு சொல்லல, பாத்தேன்னுதான் சொல்லுதேன். போலீஸ்காரரு கேட்டா அதையும் சொல்ல மாட்டேன். ராஜாஜி 1937ல சேலத்துல மதுவிலக்கை ஆரம்பிச்சாக. 1948ல மாகாணம் பூராவும் வந்துட்டு. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவனெல்லாம் ரசாயனம் படிச்சது அதுக்குப் பெறகுதான்.

ஒருக்காக் காய்ச்சுனா இளஞ்சரக்குதான் வரும். கடுசா வேணும்னா வடிச்சதைத் திரும்பக் காய்ச்சணும். அதுக்குத் திரும்ப வெறகு, திரும்பப் பயம். இந்த மறுகாய்ச்சலையெல்லாம் ஒரே டவருக்குள்ள மாடி மாடியா அடுக்கிட்டா? அதான்லே உன் டிஸ்டிலேஷன் டவர். ஒவ்வொரு தட்டும் ஒரு மறுகாய்ச்சல். அடியில இருந்து ஆவி ஏறுது, உச்சியில இருந்து திரவம் எறங்குது. ரெண்டும் தட்டுக்குத் தட்டு சந்திச்சுக் கொடுக்கல் வாங்கல் நடக்கணும். லேசான சரக்கு ஆவியோட மேல போகும், கனத்தது திரவத்தோட கீழ வரும். கரும்புச் சாறுல சீனி எடுத்தது போக மிஞ்சுன மொலாசஸை ஊறப் போட்டா அதுல ஆல்கஹால் 7, மிஞ்சிப் போனா 10 சதவீதம். அதே சரக்கு டவர் உச்சியில 95 சதவீதத்துல வந்து நிக்குது. இப்பம் மக்காச்சோளத்துலயும் எடுக்காக. உன் பைக்குல ஊத்துற பெட்ரோல்ல 20 சதவீதம் அதுதான். நாங்க குடிச்சாக் குத்தம், பைக்கு குடிச்சாப் பசுமை. நல்லாருக்குலே உங்க நாயம்.

இந்த அடுக்கு டவருக்குப் பேர் வாங்கிக் குடுத்தவன் ஆருன்னு தெரியுமா? ஏனியாஸ் காஃபின்னு அயர்லாந்துக்காரன். 1830ல பேட்டன்ட் வாங்குனான். அதுக்கு முந்தி அவன் என்ன உத்தியோகத்துல இருந்தான்? சாராய வரி வசூல் பண்ணுற அதிகாரி! கள்ளச்சாராயம் பிடிக்கப் போற எடத்துலயெல்லாம் கண்ணைத் தொறந்து வச்சிருந்திருக்கான் பாரேன். அவன் டவர்ல ஓட்டை போட்ட செம்புத் தகடு அடுக்கடுக்கா இருக்கும். ஒரு தட்டுத் திரவம் அடுத்த தட்டுக்கு எறங்க ஒரு குழாய். அந்தக் குழாயோட வாயைச் சும்மா அந்தரத்துல விடல அவன். கீழ்த்தட்டுல ஒரு கிண்ணம் வச்சு, அதுல நிக்கிற திரவத்துக்குள்ள முங்குற மாதிரி விட்டான். ஏன் முக்குனான்? நீ படிச்ச படிப்புக்கு இதுக்குப் பதில் சொல்லிட்டா மிச்சத்தை நான் சொல்லவே வேண்டாம்.

முழிக்கான் பாரு. சரி கேளு.

நம்ம கண்மாயப் பாத்திருக்கேல்லா? மேக்கண்மாய் பெருகுனா கலிங்கு தாண்டி, ஓடை வழியா கீழக்கண்மாய்க்குத் தண்ணி போகும். டவர்ல தட்டுதான் கண்மாய். தட்டோட கரையில ஒரு வெயர் நிக்குது, அதான் கலிங்கு. அதுக்கு அங்கிட்டு டவுன்கமர், அதான் ஓடை. தட்டுல திரவம் வெயர் உசரத்துக்கு நின்னு, மிஞ்சுனது டவுன்கமர்ல விழுந்து, கீழ்த்தட்டுக்குப் போகும். வெயர் உசரம் வழக்கமா 50 மில்லிமீட்டர், நம்ம கணக்குல ரெண்டரை விரக்கடை. டவுன்கமர்த் தகடு கீழ்த்தட்டைத் தொடாது. திரவம் வெளியேற அடியில ஒரு சந்து விட்டிருப்பாக. அந்தச் சந்து 38 மில்லிமீட்டர்னு வச்சுக்கோ. அப்பம் என்னாச்சு? தகட்டோட அடிவிளிம்பு, கீழ்த்தட்டு வெயரோட தலைக்கு 12 மில்லிமீட்டர் கீழ இருக்கு. தட்டுல திரவம் நின்னா அந்த விளிம்பு முங்கித்தான ஆகணும்? அந்த 12 மில்லிமீட்டர்தான் சீல். சில டவர்ல 6தான் விடுவாக. பதினஞ்சு மாடி உசரத்துக்கு நிக்கிற டவரோட மானம் மருவாதி பூராவும் இந்த அரை விரக்கடையிலதான் இருக்கு.

ஆவி சோம்பேறிப் பயலே. அடியில அழுத்தம் கூட, மேல கொறைவு. அதனாலதான் அவன் ஏறுதான். ஒரு தட்டைத் தாண்டணும்னா ஓட்டையில நெருக்கி, திரவத்தை முட்டிக்கிட்டுப் போகணும். அதுக்கு 70, 80 மில்லிமீட்டர் தண்ணி உசரத்துக்குச் சமமா அழுத்தம் செலவாகும். பக்கத்துலயே டவுன்கமர் வாய் தொறந்து கெடந்தா எவன் ஓட்டையில போவான்? டவுன்கமர் வழியா நேரா மேல்மாடிக்குப் போயிருவான். வழியில திரவத்தைத் தொடவே இல்ல. கொடுக்கலும் இல்ல, வாங்கலும் இல்ல. அந்தத் தட்டு இருக்கு, ஆனா வேலை செய்யல. சம்பளம் மட்டும் வாங்குது.

அதோட போச்சா? டவுன்கமர்ல எறங்க வேண்டிய திரவம், எதுத்தாப்புல வர்ற ஆவியால எறங்க முடியாம அந்தரத்துல நிக்கும். மேல இருந்து இன்னும் வந்துக்கிட்டே இருக்கு. டவுன்கமர் ரொம்பி, மேல்தட்டுல பெருகி, அதுக்கும் மேல்தட்டுக்கு ஏறும். உங்க பாசையில ஃபிளட்டிங். கீழ போக வேண்டிய கனத்த சரக்கு மேல போயாச்சு. அஞ்சு தட்டு மெனக்கெட்டுப் பிரிச்சதை ஒரு தட்டு கலக்கி விட்டாச்சு.

இங்கன ஒரு நுணுக்கம் இருக்கு, காதைக் குடு. 80 மில்லிமீட்டர் அழுத்தத்தை 12 மில்லிமீட்டர் சீல் எப்பிடித் தாத்தா தடுக்கும்னு நீ கேக்கணும். கேக்கல. கேக்காட்டாலும் சொல்லுதேன். அடிவாய் முங்கியிருந்தா, டவுன்கமருக்குள்ள திரவம் தானா ஏறி நிக்கும். மேல்தட்டு கீழ்த்தட்டு அழுத்த வித்தியாசத்துக்கு ஒரு 75, கீழ்த்தட்டுல நிக்கிற திரவத்துக்கு ஒரு 50, சந்துல நெருக்கி வெளிய போறதுக்கு ஒரு 25, ஆக மொத்தம் 150 மில்லிமீட்டர் உசரத்துக்கு நின்னுக்கிடும். அந்தத் திரவத் தூண்தான் ஆவியை எதுத்து நிக்கிது. அடிவாய் தொறந்திருந்தா தூணே நிக்காது. தூண் நிக்கலைன்னா அடிவாய் முங்காது. மொதல்ல எது வேணும்னு இப்பம் வெளங்குதா?

அதனாலதான் டவரை ஓட விடும்போது அவசரம் ஆகாதுங்கிறது. மொதல்ல திரவத்தை எறங்க விட்டு டவுன்கமர் காலெல்லாம் நனையணும். ஆவியைப் பைய விடணும். உங்க ஆளுக என்ன செய்தாக? உற்பத்தி எப்பம் வரும்னு தலைமை ஆபீசுல இருந்து போன் வந்த ஒடனே ஸ்டீம் வால்வை முழுசாத் தொறக்காக. காஞ்ச டவுன்கமர்ல ஆவி புகுந்துக்கிடுது. பெறகு நாள் பூரா உச்சியில இருந்து ரிஃப்ளக்ஸ் திரவத்தை ஊத்துதாக, எறங்க மாட்டேங்குது. ஒடனே வாட்ஸாப் குரூப்புல நூறு மெசேஜ். ஸ்டீமைக் கொறைச்சிட்டுக் கொஞ்சம் பொறுங்கலேன்னு சொல்லுற ஆபரேட்டருக்கு அந்த குரூப்புல எடமே கெடையாது.

இன்னொண்ணு. தட்டுல பொங்கி நிக்கிற நுரையைப் பாத்துட்டுத் திரவம் நெறைய இருக்குன்னு ஏமாந்துறாத. அதுல முக்காவாசி ஆவி. திரவம் கம்மியா, ஆவி வேகமா ஓடுற டவர்ல, தட்டுல உள்ள நெசத் திரவம் வெயர் உசரத்தை எட்டவே எட்டாது. அப்பம் வரைபடத்துல காட்டுன 12 மில்லிமீட்டர் வரைபடத்துல மட்டுந்தான் இருக்கும். அந்த மாதிரி எடத்துல டவுன்கமர் வாய்க்கு முன்னால சின்னதா இன்னொரு வெயர் வைக்கணும், இல்ல வாய்க்கு நேர தட்டையே குழிச்சு விடணும். காஃபி வச்ச கிண்ணம் ஞாபகம் இருக்கா? அதேதான். 1830ல உள்ள கிண்ணத்தை இன்னைக்கு ஒருத்தன் புதுப் பேர் வச்சு வித்தா நீ கை தட்டுவ.

அப்பம் சந்தை இன்னும் சின்னதாக்கிட்டாச் சீல் கெட்டியாயிருமேன்னு துள்ளாத. துள்ளுவன்னு தெரியும். சந்து சின்னதானா திரவம் வெளியேற நெருக்கும். டவுன்கமர்ல மட்டம் ஏறும். தட்டுக்குத் தட்டு இருக்கிற எடைவெளியில பாதிக்கு மேல மட்டம் ஏறக் கூடாதுங்கிறது பழைய கணக்கு. உள்ள வந்த நுரை அடங்கித் திரவமா ஆகுறதுக்கு ஒரு 3 விநாடியாவது வேணும். மொலாசஸ் சாராய டவர்ல சங்கதி இன்னும் மோசம். அந்த ஊறல்ல சேறு மாதிரிக் கசடு இருக்கும், சுண்ணாம்புச் சத்து படிஞ்சு காரை கட்டும். 38ன்னு விட்ட சந்து ரெண்டு சீசன் கழிச்சு எவ்வளவு இருக்கும்? சுத்தியலும் உளியும் வச்சுக் கொத்துன எனக்குத் தெரியும். உன் கம்ப்யூட்டர் இன்னமும் 38ன்னு சாதிக்கும். சாமி மேல சத்தியம் பண்ணாலும் பண்ணும்.

ஒரு ஆலையில நடந்ததைச் சொல்லுதேன். பேரு வேண்டாம், அவுக இன்னும் நல்லாருக்காக. டவர் சரியாப் பிரிக்கல, ஸ்டீம் கூடக் கூட வாங்குது. கோட்டு போட்ட ஆலோசகர் வந்தாரு. படம் போட்டுக் காட்டுனாரு. கன்ட்ரோல் வால்வை மாத்துனாக. புது சாஃப்ட்வேர் வந்தது. தட்டையே தூக்கிப் போட்டுட்டு விலை கூடுன புதுத் தட்டு மாட்டணும்னு பேச்சு எழும்புச்சு. அதுக்குள்ள ஷட்டவுன் வந்துட்டு. நாங்க உள்ள போனோம். டவுன்கமர்த் தகட்டுல போல்ட் போடுற ஓட்டை நீள ஓட்டையா இருக்கும்லே, சந்தைக் கூட்டவும் கொறைக்கவும் தோதா. போன தடவை மாட்டுன புண்ணியவான் வரிசையா நாலஞ்சு தட்டுல தகட்டை மேல தூக்கி முறுக்கிட்டுப் போயிருக்கான். அவனுக்கு அப்பிடித்தான் ஸ்பேனர் வாகா எட்டிருக்கு! அடிவிளிம்பு வெயர் தலைக்கு மேல நிக்கிது. முங்குறதுக்கு வழியே இல்ல. போல்டைத் தளத்தி, தகட்டை எறக்கி, முறுக்குனோம். ஆலோசகருக்குக் குடுத்த துட்டுல எங்க எல்லாருக்கும் வருசம் பூராவும் சோறு போட்டிருக்கலாம்.

இது ஏதோ நம்மூர்க் கூத்துன்னு நெனைக்காத. ஹென்றி கிஸ்டர்னு டவர் வைத்தியர் ஒருத்தர் 50 வருசத்துல டவர் கெட்டுப் போன கதைகளா சுமார் 900 சேத்து 2003ல எழுதி வச்சிருக்காரு. முதல் எடம் எதுக்கு? அடைப்புக்கு. அடுத்தது டவரோட அடிப்பாகத்துல வர்ற கோளாறு. மாட்டும்போது விட்ட தப்புக்கும் அந்தப் பட்டியல்ல மேல்வரிசையிலேயே எடம் இருக்கு. மூணும் கண்ணால பாக்கக் கூடியது. அடிப்பாகம்னு சொன்னேன்லா? கடைசித் தட்டுக்குக் கீழ கலிங்கு ஏது? அங்க உள்ள டவுன்கமருக்குச் சீல் குடுக்கத் தனியா ஒரு சட்டி தொங்க விடணும். அதை வரைபடத்துல மறந்தவனும் உண்டு, ஷட்டவுன் முடிஞ்சு தரையிலேயே விட்டுட்டு மேன்ஹோலை மூடுனவனும் உண்டு.

இப்பம் உன் எஃபிசியன்சிக்கு வாரேன். 1925ல மர்ஃப்ரீன்னு ஒருத்தர் தட்டு எவ்வளவு ஒழுங்கா வேலை செய்யுதுன்னு அளக்க ஒரு கணக்குச் சொன்னாரு. நல்ல கணக்கு. தட்டை விட்டுப் போற ஆவி, எவ்வளவு மாறியிருக்கணும், எவ்வளவு மாறியிருக்கு, அவ்வளவுதான். 1946ல ஓ'கானெல் ஒரு கோடு போட்டுக் குடுத்தாரு. திரவம் எம்புட்டுக் கெட்டி, ரெண்டு சரக்கும் பிரியுறது எம்புட்டுச் சுலுவு, இந்த ரெண்டும் தெரிஞ்சாப் போதும், டவரோட எஃபிசியன்சி ஏறக்குறைய இவ்வளவுன்னு சொல்லிரலாம். இன்னைக்கும் அதைத்தான் எடுத்துப் போடுதீக. தப்பில்ல. ஆனா அந்தக் கோட்டுல டவுன்கமர் கால் எவ்வளவு தூக்கி நிக்கிதுங்கிறதுக்கு ஒரு எழுத்தாவது இருக்கா? தட்டு ஒழுங்கா மாட்டிருக்கு, சீல் நிக்கிதுன்னு நம்பித்தான் அந்த மனுசன் கோடு போட்டிருக்காரு. நீ கம்ப்யூட்டர்ல எஃபிசியன்சி 70ன்னு தட்டுன. அது ஆமாய்யா 70ன்னு திருப்பிச் சொல்லுது. நீ சொன்னதையே உனக்குச் சொல்லுறவனை ஊர்ல எப்பிடிக் கூப்பிடுவோம்? சரி விடு, சின்னப்பயலுக்கு முன்னால சொல்லக் கூடாது.

வெள்ளக்காரனே கணக்கை மட்டும் நம்பிக்கிட்டு உக்காரல. 1952ல அமெரிக்காவுல கம்பெனிக எல்லாம் சேந்து எஃப்.ஆர்.ஐ.ன்னு ஆராய்ச்சி அமைப்பு ஒண்ணு ஆரம்பிச்சாக. எதுக்கு? நெசமான அளவுல டவர் நட்டு, நெசமான சரக்கைக் காய்ச்சித் தட்டைச் சோதிக்க. நம்ம மணலி ரிஃபைனரி 1969ல ஓட ஆரம்பிச்சப்ப வருசத்துக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெய் காய்ச்சுறதுக்குன்னு கட்டுனது. அன்னைக்கு என்ஜினியர் பையில இருந்தது ஸ்லைடு ரூலு. ஓடலையா டவர்?

ஓடிக்கிட்டு இருக்கிற டவரைத் தொறந்து பாக்க முடியாது, வாஸ்தவம். அதுக்கும் வழி இருக்கு. ஒரு பக்கம் கதிர் மருந்தை எறக்கி, மறுபக்கம் எம்புட்டு வந்து சேருதுன்னு அளந்துக்கிட்டே வந்தா எந்தத் தட்டுல திரவம் நிக்கிது, எங்க வெறும் ஆவின்னு தெரிஞ்சிரும். காமா ஸ்கேன். நம்ம அணுசக்திக்காரகளே வந்து செஞ்சு குடுக்காக. அதுக்கும் முந்தி அழுத்தக் கடிகாரத்தைப் போய்ப் பாரு. பத்துத் தட்டுக்கு இவ்வளவு அழுத்தம் விழணும்னு கணக்கு இருக்கும்லா? அதை விட வெகுவாக் கொறஞ்சா ஆவி குறுக்குவழி கண்டுபிடிச்சிட்டான்னு அர்த்தம். திடீர்னு ஏறுனா திரவம் எறங்காம முட்டிக்கிட்டு நிக்கிது. கடிகாரம் பாக்கத் தெரியாதவன்தான் ஏ.ஐ.ய கேப்பான்.

கடைசியா ஒரு கூட்டல் கழித்தல் சொல்லுதேன், உன் லேப்டாப் வேண்டாம், வெரல் போதும். சீல் 6 மில்லிமீட்டர்னு டிசைன்ல போட்டிருக்கு. வெயர் உசரத்துல 3 மில்லிமீட்டர் கூடக் கொறைய இருக்கலாம்னு மாட்டுறவனுக்கு வழக்கமா விட்டுக் குடுக்காக. சந்துலயும் அதே 3. வெயர் 3 கொறைஞ்சு, சந்து 3 கூடுனா? சீல் சைபர். மாட்டுனவன் மேலயும் தப்பில்ல, டிசைன் போட்டவன் மேலயும் தப்பில்ல, காகிதத்துல எல்லாம் சரி. டவர் மட்டும் பிரிக்க மாட்டேங்குது. இந்தக் கணக்கை எந்த வெபினார்ல சொல்லுதாக? டை கட்டுனவனுக்கு இது ரொம்பச் சின்ன சமாச்சாரம். சின்ன சமாச்சாரத்தைப் பேசினா உத்தியோக உயர்வு வராதுல்லா.

ஆகவே, பேராண்டி, அடுத்த ஷட்டவுனுக்குக் கூப்பிட்டா ஆபீசுல ஏசிக்குள்ள உக்காராத. பெர்மிட் வாங்கு, காத்துச் சோதிச்சுட்டாகளான்னு பாரு, வெளிய ஒரு ஆளை நிப்பாட்டிட்டு உள்ள போ. ஒரு இரும்பு ஸ்கேலும் ரசமட்டமும் டார்ச்சும் எடுத்துக்கோ. ஒவ்வொரு தட்டுலயும் டவுன்கமர் சந்தை எடது ஓரம், நடு, வலது ஓரம்னு மூணு எடத்துல அளந்து சுவத்துல சாக்பீஸ்ல எழுது. பக்கத்துலயே வெயர் உசரத்தையும் எழுதிக் கழி. 6க்குக் கீழ வந்தா, எந்தப் பெரிய மனுசன் வாட்சைப் பாத்தாலும் சரி, மேன்ஹோல் மூடியில கேஸ்கட் வைக்க விடாத.